கண் சிவந்த பட்டறை: லண்டன் 'சீ ரெட்' பெண்கள் அச்சுக்கூடம், 1974–1990

"வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்காங்க" என்று பதில் வரும். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, வாய் பழகிப்போன பேச்சு அது. 1970களில் லண்டனில் சில பெண்கள் இதே பேச்சை அப்படியே எடுத்து ஒரு சுவரொட்டிக்குத் தலைப்பாக்கினார்கள்: 'என் மனைவி வேலை பார்ப்பதில்லை'. சமையலறைச் சுவரிலும் பெண்கள் கூட்டங்களிலும் ஒட்டுவதற்கென்று, கையால் அச்சடித்த தாள்.

அச்சடித்த இடத்தின் பெயர் 'சீ ரெட் பெண்கள் பட்டறை'. ஆங்கிலத்தில் 'சீ ரெட்' என்றால் ஆத்திரம் பொங்குவது. நாம் கண் சிவப்பது என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். சிவப்பு இடதுசாரிகளின் நிறமும் என்பதால் இரண்டு பொருளும் அந்தப் பெயருக்குப் பொருந்திப்போனது. 1974 முதல் 1990 வரை, 16 ஆண்டுகள் அது நடந்தது. 40க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் வந்து வேலை செய்து போயிருக்கிறார்கள்.

பெண்ணுரிமை இயக்கத்தின் பட வரலாறு என்று இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் உறுத்துவது வேறு ஒன்று. வீட்டுக்குள் நடக்கும் கூலியில்லா வேலையை உலகத்துக்குக் காட்டிய இந்தப் பட்டறையே பல ஆண்டுகள் கூலியில்லா வேலையில்தான் ஓடியது. அது எப்படி முடிந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கத்தான் இந்த ஆய்வு.

மை பூசிய ஸ்டூல்கள்

அச்சுத் தொழிலில் பெண்களுக்கு இடம் கிடைக்காத கதை பழையது. 1860-ல் எமிலி ஃபெய்த்ஃபுல் என்பவர் லண்டன் கிரேட் கோரம் தெருவில் 'விக்டோரியா பிரஸ்' என்ற அச்சகத்தைத் தொடங்கினார். எழுத்துக் கோக்கும் வேலைக்குப் பெண்களை எடுத்துப் பழக்கினார். ஆண் தொழிலாளர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை அவரே பின்னால் பதிவு செய்திருக்கிறார். பெண்களின் உடை பாழாகட்டும் என்று அவர்கள் உட்காரும் ஸ்டூல்களில் மை பூசிவைத்தார்கள். பெட்டிகளில் பிரித்து வைத்திருந்த ஈய எழுத்துகளைக் கலந்துவிட்டார்கள். கலந்த எழுத்துகளை மறுபடி பிரித்துப் போடுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கம்போசிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைய நாள் போச்சு. அவ்வளவையும் தாண்டி 1862-ல் விக்டோரியா ராணியின் அச்சாளர் என்ற அரச அங்கீகாரத்தையும் அவர் பெற்றார்.

எடின்பரோவில் நடந்தது இன்னும் சிக்கலானது. 1872-ல் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பெண்களை எடுத்துப் பழக்கினார்கள், அதுவும் குறைந்த கூலிக்கு. பிறகு 1910-ல் புதிதாகப் பெண்களைப் பயிற்சிக்கு எடுப்பதையே ஆண் தொழிலாளர்களின் சங்கம் நிறுத்தவைத்தது. குறைந்த கூலி கொடுத்தவர் முதலாளி, வேலை இழந்தவள் பெண். சம கூலி கொடு என்று கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் நல்லதாக முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதன் வால் 1970கள் வரை நீண்டது. அன்றைய பெரும்பாலான பிரிட்டிஷ் அச்சகங்களில் தொழிற்சங்க அட்டை இல்லாமல் எழுத்துக் கோக்கவோ இயந்திரம் ஓட்டவோ முடியாது. அட்டை வைத்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். லண்டன் செய்தித்தாள் கம்போசிட்டர்களிடம் நேரில் பேசி 1983-ல் ஆய்வு நூல் வெளியிட்ட சிந்தியா காக்பர்ன், அந்தத் தொழில் திறமையே எப்படி 'ஆம்பளை வேலை' என்ற அடையாளத்தோடு பின்னிக்கிடந்தது என்று காட்டினார். ஆக, பெண்கள் தங்கள் கருத்தை அச்சில் போட வேண்டுமென்றால் தங்கள் கைக்கு எட்டும் அச்சுமுறை ஒன்றை முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மூன்று பேர், ஒரு விளம்பரம்

'ரெட் ராக்' என்று ஒரு பத்திரிகை. 1972-ல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்த பெண்கள் சிலர் மற்ற பெண்களோடு சேர்ந்து கொண்டுவந்தது. கட்சித் தலைமைக்கு அது பிடிக்கவில்லை. அதில் வந்த ஒரு சிறு விளம்பரம்தான் தொடக்கம். ஊடகமும் விளம்பரங்களும் காட்டும் 'முன்மாதிரிப் பெண்' பிம்பத்தை எதிர்த்து வேலை செய்ய ஆர்வமுள்ள பெண்கள் வரலாம் என்பது அழைப்பு. அப்படிச் சேர்ந்தவர்கள் ப்ரூ ஸ்டீவன்சன், சூசி மாக்கி, ஜூலியா ஃபிராங்கோ. மூவரும் கலைக் கல்லூரியில் படித்தவர்கள்.

அந்த ஆண்டுகளின் சட்ட நிலையையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சம ஊதியச் சட்டம் 1970-ல் நிறைவேறிவிட்டது. ஆனால் முதலாளிகள் தயாராக அவகாசம் வேண்டும் என்று 1975 டிசம்பர் 29 வரை நடைமுறைக்கு வரவில்லை. பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் அதே நாளில்தான் அமலானது. அதற்கு முன்னால், சொந்தச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம்கூடக் கடன் கொடுக்க அப்பா கையெழுத்தோ கணவர் கையெழுத்தோ கேட்பது சாதாரணம். மனைவியின் வருமானத்தை வரிக் கணக்கில் கணவனுடைய வருமானமாகப் பார்க்கும் முறை 1990 ஏப்ரல் வரை நீடித்தது.

1970-ல் ஆக்ஸ்ஃபோர்டு ரஸ்கின் கல்லூரியில் நடந்த முதல் தேசியப் பெண் விடுதலை மாநாடு நான்கு கோரிக்கைகளை வைத்தது: சம ஊதியம், சமமான கல்வியும் வேலை வாய்ப்பும், இலவசக் கருத்தடையும் கருக்கலைப்பு உரிமையும், 24 மணி நேரக் குழந்தைகள் காப்பகம். 1974-ல் இரண்டு சேர்ந்தன, 1978-ல் ஏழாவது வந்தது. 'ஏழு கோரிக்கைகள்' என்று சீ ரெட் ஒரு சுவரொட்டியும் போட்டது. மாநாட்டுத் தீர்மானத்தைச் சமையலறைச் சுவருக்குக் கொண்டுபோக யாராவது வேண்டுமே.

பட்டறையின் முதல் இடம் வடக்கு லண்டன் கேம்டன் பகுதியில், ஆள் இல்லாமல் கிடந்த ஒரு வீடு. காலியான வீடுகளில் குடியேறி, அதை வீடாகவும் காப்பகமாகவும் அலுவலகமாகவும் ஆக்கிக்கொள்வது அன்றைய லண்டனில் பரவலாக இருந்தது. வாடகை இல்லை. வாடகை இல்லாததால்தான் சம்பளம் இல்லாமலும் நடத்த முடிந்தது. லண்டனில் இன்று ஒரு அறைக்கு என்ன வாடகை என்பதை நினைத்துப் பார்த்தால், இப்படியொரு முயற்சி திரும்ப அதே மாதிரி ஏன் எழவில்லை என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அதே கேம்டன் பகுதியில், 1968 முதல் 1971 வரை ஒரு அடித்தளத்தில் 'போஸ்டர் வொர்க்ஷாப்' என்று ஒன்று இயங்கியிருந்தது. யார் வேண்டுமானாலும் போய்த் தங்கள் போராட்டத்துக்குச் சுவரொட்டி அடித்துக்கொள்ளலாம். அதற்கு முன்மாதிரி, 1968 மே மாதம் பாரிஸில் மாணவர்கள் கலைக் கல்லூரியைப் பிடித்து நடத்திய மக்கள் அச்சுக்கூடம். அங்கே சுவரொட்டியில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. எதை அடிப்பது என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் 1970-ல் தொடங்கிய சிகாகோ பெண்கள் கிராஃபிக்ஸ் கூட்டுக்குழுவும் கையெழுத்தில்லாச் சுவரொட்டிகளைத்தான் போட்டது. சீ ரெட் இந்த வரிசையில் வருகிறது.

ஒரு தாள் அடிப்பது

அவர்கள் கையில் எடுத்தது ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாண வீட்டு மஞ்சப்பையில் மணமக்கள் பெயர் அச்சடிக்கிற கடையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த ஆய்வின் முக்கியமான விஷயம் இந்த மேஜை மேல்தான் இருக்கிறது.

மரச் சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை முரசுத் தோல் மாதிரி இறுக்கி இழுத்து அடித்திருப்பார்கள். மை இறங்கக் கூடாத இடங்களை ஸ்டென்சிலால் அடைத்துவிடுவார்கள். வெட்டி ஒட்டலாம், பசையால் வரையலாம், ஒளிபட்டால் இறுகும் ரசாயனம் பூசி புகைப்படத்தையே ஏற்றலாம். சட்டத்துக்கு அடியில் தாள். சட்டத்தின் ஒரு விளிம்பில் கெட்டியான மையைக் கோடு மாதிரி ஊற்றி, ரப்பர் விளிம்பு வைத்த ஸ்க்வீஜியை இரண்டு கையாலும் பிடித்து, சாய்த்து, ஒரே அழுத்தத்தில் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் எழுத்து விட்டுப்போகும், கூடினால் மை கசியும். சட்டத்தைத் தூக்கினால் தாள் வலையோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பிரியும், 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும்.

இப்போது அந்த ஈரத் தாளை யாராவது எடுக்க வேண்டும். இழுத்தவர் கையில் மை. அவரே எடுத்தால் ஓரமெல்லாம் கைரேகை. அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று தாளை இரண்டு முனையிலும் பிடித்து எடுத்து, கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். அதற்குள் அடுத்த தாளைக் குறி பார்த்து வைக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் வலையின் கண்களில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். தொடங்கினால் முடிக்கிற வரை நிறுத்த முடியாது. 200 சுவரொட்டி என்றால் 200 இழுப்பு. இரண்டு நிறம் என்றால் 400. இரண்டாவது நிறம் முதல் நிறத்தோடு பொருந்தி உட்கார வேண்டும். தாள் ஈரக் காற்றில் கொஞ்சம் விரிந்தாலும் சிவப்பு உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் தின்னர் ஊற்றிச் சட்டத்தைக் கழுவ வேண்டும். அந்த நெடி தலையைப் பிளக்கும்.

பெரிய முதலீடு வேண்டாம், சங்க அட்டை வேண்டாம், ஒரு மேஜையும் தண்ணீர்க் குழாயும் இருந்தால் தொடங்கிவிடலாம். அதனால்தான் பெண்கள் கைக்கு இது எட்டியது. ஆனால் இதைத் தனியாகச் செய்வது பெரும்பாடு. கூட்டு வேலை என்பதை இவர்கள் கொள்கையாகச் சொன்னார்கள், சரி. அந்த மேஜையும் அதையேதான் கேட்டது. கூட்டுக்குழு என்று பெயர் வைத்த எத்தனையோ குழுக்கள் கூட்டம் போட்டுக் கலைந்துபோன காலத்தில் இது 16 ஆண்டு நின்றதற்கு, பேச்சு முடிந்ததும் எல்லோரும் எழுந்து சேர்ந்து செய்ய ஒரு கைவேலை இருந்தது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கையெழுத்து இல்லாத படம்

ஒரு சுவரொட்டி இப்படிப் பிறந்தது. முதலில் பேச்சு. யாராவது ஒருவருக்கு நடந்தது, வீட்டில், வேலையில், தெருவில். அதைச் சொல்லும்போது இன்னொருவருக்கு அவருடையது ஞாபகம் வரும். எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று தெரியவரும்போது அது அரசியலாகிவிடுகிறது. பிறகு ஒருவர் வரைந்துகொண்டு வருவார். குழு அதைப் பார்த்துக் குறை சொல்லும், திருத்தம் கேட்கும். அவர் மறுபடி வரைவார், சில சமயம் வேறொருவர் எடுத்து வரைவார். கடைசியில் வருவது யாருடைய படம் என்று பிரித்துச் சொல்ல முடியாத படம். கீழே குழுவின் பெயர் மட்டும்.

கலைக் கல்லூரியில் படித்தவர்கள் இப்படிச் செய்தார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. தன் கோடு, தன் பாணி, தன் பெயர் என்பதுதான் அங்கே சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும். தன் படத்தை நாலு பேர் திருத்தும்போது மனம் வலிக்காமல் இருக்குமா? வலித்திருக்கும். ஆனால் அதனால்தான் அந்தச் சுவரொட்டிகளில் ஒரு தெளிவு இருக்கிறது. நாலு பேருக்குப் புரியாதது சுவருக்குப் போகவில்லை.

1975-ல் வந்த 'முதலாளித்துவம் வீட்டு வேலையையும் நம்பித்தான் இருக்கிறது' என்ற சுவரொட்டி இதற்கு நல்ல உதாரணம். அன்று இதைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்துகொண்டிருந்தன. வீட்டு வேலைக்குக் கூலி கேட்கும் இயக்கம் 1972-லேயே தொடங்கிவிட்டது. மரியரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்ஸும் எழுதியதைப் படித்து வாக்குவாதம் செய்யாத குழுவே இல்லை எனலாம். அந்தக் கட்டுரைகளைப் படிக்க நேரமில்லாத பெண்ணுக்குத்தான் அது பற்றி அதிகம் தெரியும். அவளுக்கு அதை ஒரு படத்தில் சொன்னார்கள்: காலையில் தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கும் தொழிலாளி, தின்று தூங்கித் துவைத்த சட்டை போட்டு வந்து நிற்கிறான் என்றால், அதற்குப் பின்னால் ஒருத்தியின் உழைப்பு இருக்கிறது.

மார்கரெட் தாட்சர் 1979-ல் பிரதமரானதும் அவரையும் சுவரொட்டியில் கொண்டுவந்தார்கள். நாட்டுப் பெண்களுக்கு அவர் சொல்லும் செய்தி ஒரே சொல்: 'டஃப்!' உன் பாடு, அதற்கு நான் என்ன செய்ய, என்கிற தொனி. ஒரு பெண் பிரதமரானாலே பெண்களுக்கு விடிந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இருக்க முடியாது. 1981-ல் வந்த இன்னொன்று 'ஒய் பி ஏ ஒய்ஃப்?'. Y, B, A என்று மூன்று ஆங்கில எழுத்தோடு 'ஒய்ஃப்' (மனைவி) என்று எழுதி, வாய்விட்டுப் படித்தால் 'ஏன் மனைவியாக இருக்க வேண்டும்?' என்று ஒலிக்கும். சட்டத்திலும் பணத்திலும் பெண் தனித்து நிற்க வேண்டும் என்ற பிரச்சாரத்தின் முழக்கம் அது. 'பெண் பிள்ளைகள் சக்தி மிக்கவர்கள்' என்ற 1979 சுவரொட்டியைப் பார்க்கும்போது, அதைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த ஒரு பத்து வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்வேன்.

கணக்குப் புத்தகம்

இனி பணம். சுவரொட்டி, நாட்காட்டி, வாழ்த்து அட்டை ஆகியவற்றைத் தபாலிலும், பெண்ணிய, இடதுசாரிப் புத்தகக் கடைகளிலும், மாநாட்டு மேஜைகளிலும் விற்றார்கள். வேண்டுமென்றே விலையைக் குறைவாக வைத்தார்கள், எந்தப் பெண்ணும் வாங்கும்படி. வெளி வேலையும் எடுத்தார்கள்: குடியிருப்போர் சங்கம், கருக்கலைப்பு உரிமைப் பிரச்சாரம், தொழிலாளர் போராட்டம் என்று யாராவது வந்து அச்சடித்துக் கேட்பார்கள். வந்த பணம் தாளுக்கும் மைக்கும் போய்விடும்.

உழைப்புக்குப் பணம் இல்லை. அரை வாரம் வெளியே ஏதாவது வேலை பார்த்துப் பிழைப்பை ஓட்டிக்கொண்டு, மீதி நேரத்தைப் பட்டறைக்குக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைச் செய்ய யாரால் முடியும்? வாடகை குறைவாக உள்ள, பகுதி நேர வேலை கிடைக்கக்கூடிய, மாலையில் குழந்தைக்குச் சோறு ஊட்ட அவசரமாகக் கிளம்பத் தேவையில்லாத பெண்ணால். ஒவ்வொரு படத்தையும் எல்லோரும் சம்மதிக்கும்வரை பேசுவது என்றால் கூட்டம் நீளும். நீண்ட கூட்டம் யாரை வடிகட்டுகிறதோ, அவர்களைப் பற்றித்தான் பெரும்பாலான சுவரொட்டிகள். இது அவர்களுடைய நேர்மையைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அவர்களே பிற்காலத்தில் தங்கள் பட்டறையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார்கள். கூலியில்லா உழைப்பின் மேல் நிற்கும் எந்த நல்ல காரியமும், யார் உள்ளே வர முடியும் என்பதைக் கூலியில்லாத அந்த இடத்திலேயே தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் இந்த நிகழ்வில் நான் கண்டது.

இன்னொரு பட்டறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிழக்கு லண்டன் ஹாக்னியில் 1975-ல் தொடங்கிய 'லெந்தால் ரோடு பட்டறை'. சியா மோன், விவ் முல்லட், ஜென்னி ஸ்மித் என்ற மூன்று பெண்கள் தொடங்கியது. அங்கேயும் ஸ்கிரீன் பிரிண்டிங்தான், கூடவே புகைப்பட இருட்டறை. ஆனால் வேலையின் திசை வேறு. அக்கம்பக்கத்துப் பெண்களும் இளைஞர்களும் வந்து கற்றுக்கொண்டு, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே அடித்துக்கொண்டு போவார்கள். 1980களில் கறுப்பினப் பெண்கள் அங்கே வேலை செய்து பட்டறையின் முகத்தையே மாற்றினார்கள். கயானாவில் பிறந்த இங்ரிட் பொல்லார்ட் அவர்களில் ஒருவர். 2022-ல் பிரிட்டனின் பெயர்பெற்ற கலை விருதான டர்னர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நால்வரில் அவரும் இருந்தார். சீ ரெட் நினைவில் நிற்கும் படங்களைக் கொடுத்தது, லெந்தால் ரோடு அச்சடிக்கத் தெரிந்த கைகளை உண்டாக்கியது. வரலாற்றில் முதலாவதற்குத்தான் பெயர் கிடைக்கிறது. இரண்டாவதை எந்தப் படச்சட்டத்துக்குள் மாட்டி வைப்பது?

இலிஃப் யார்டு

1977-ல் சீ ரெட், தேம்ஸுக்குத் தெற்கே வால்வொர்த் பகுதியில் உள்ள இலிஃப் யார்டுக்கு இடம்பெயர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைத்தொழில் செய்பவர்களுக்காகக் குடியிருப்புகளின் முதுகில் கட்டிய வரிசைப் பட்டறைகள் அவை. இடிபாடாகக் கிடந்ததைப் பெண்களே பழுதுபார்த்துச் சரிசெய்தார்கள். அதே கூரையின் கீழ் 'விமன் இன் பிரிண்ட்' என்ற இன்னொரு பெண்கள் குழு ஆஃப்செட் இயந்திரம் ஓட்டியது.

அது நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி லண்டன் தெருக்களில் ஊர்வலம் போன காலம். அதே 1977 ஆகஸ்டில் தெற்கு லண்டன் லூவிஷமில் அவர்கள் ஊர்வலத்தை மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். வடமேற்கு லண்டனில் கிரன்விக் புகைப்படத் தொழிற்சாலையில் ஜெயாபென் தேசாய் தலைமையில் தெற்காசியப் பெண்கள் தொடங்கிய போராட்டம் இரண்டாவது ஆண்டில் இருந்தது. 'இனவெறி நம்மைப் பிரிக்க விடாதே' என்று சுவரொட்டி அடிக்கிற பட்டறையை அந்தக் கட்சிக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை இல்லை, பலமுறை உள்ளே புகுந்தார்கள். தொலைபேசிக் கம்பியை அறுத்தார்கள். இயந்திரங்களின் மேல் மையை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

காய்ந்த மையை இயந்திரத்திலிருந்து சுரண்டி எடுப்பது அச்சடிப்பதைவிடக் கஷ்டமான வேலை. சுரண்டி எடுத்தார்கள், மறுபடி அடித்தார்கள். எமிலி ஃபெய்த்ஃபுல் அச்சகத்து ஸ்டூல்களில் பூசிய மையை அவர்கள் நினைத்திருப்பார்களோ என்னவோ, எனக்கு அந்த ஞாபகம் வராமல் இருக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த தாக்குதலைவிட உள்ளே எழுந்த கேள்வி கடினமாக இருந்தது. பெண்கள் எல்லோரும் ஒன்று என்ற முழக்கத்தில் வெள்ளைக்காரப் பெண்ணின் அனுபவம்தானே 'பெண்' என்று நிற்கிறது என்று கறுப்பின, ஆசியப் பெண்கள் கேட்டார்கள். 1978-ல் ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்களின் நாடளாவிய அமைப்பு ஒன்று உருவானது. குடியேற்றச் சட்டம், போலீஸ் கெடுபிடி, விமான நிலையத்தில் நடக்கும் அவமானம் எல்லாம் பெண் பிரச்சினைதான் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள். கருக்கலைப்பு உரிமையைப் பற்றிப் பேசும்போது, கேட்காமலே கருத்தடை ஊசி போடப்பட்ட பெண்களையும் பேசுங்கள் என்றார்கள். 'கறுப்பினப் பெண்களை மிரட்ட முடியாது' என்ற 1980 சுவரொட்டி இந்தச் சூழலில் வந்தது. படத்தில் மாற்றம் முதலில் வந்தது, பட்டறைக்குள் வரக் கூடுதல் காலம் ஆனது. ஏன் தாமதம் என்பதற்கு முந்தைய பகுதியில் போட்ட கணக்கையே இங்கேயும் போட்டுக்கொள்ளலாம்.

மானியம் வந்தது, போனது

1981-ல் லண்டன் பெருநகர மன்றம் தொழிற்கட்சி இடதுசாரிகள் கைக்கு வந்தது, கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். 1982-ல் மன்றம் பெண்கள் குழு ஒன்றை அமைத்துப் பெண்கள் அமைப்புகளுக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. லண்டனில் பெண்கள் நடத்திய எத்தனையோ மையங்களில் முதன்முறையாக யாரோ ஒருவருக்குச் சம்பளச் சீட்டு வந்தது அந்த ஆண்டுகளில்தான். சீ ரெட்டிலும் 1980களின் தொடக்கத்தில் பொதுப் பணத்தில் சிலருக்குப் பகுதி நேரச் சம்பளம் கிடைத்தது.

நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் என்று மேஜையைச் சுற்றி இரண்டு வகை உண்டாகிவிடுகிறது. மானியம் கொடுப்பவர் எத்தனை பேருக்கு சேவை செய்தீர்கள் என்று கேட்பார். ஒரு படத்தை மூன்று வாரம் பேசினோம் என்று படிவத்தில் எழுத முடியாது. வெளி அமைப்புகளுக்கு அச்சடித்துக் கொடுப்பதும் கற்றுக்கொடுப்பதும் கூடின, தாங்களே பேசி வரைந்து போடும் சுவரொட்டிகள் குறைந்தன. நமக்கு இன்று தெரிந்த பெரும்பாலான சீ ரெட் படங்கள் 1974-க்கும் 1980களின் முற்பாதிக்கும் இடையில் வந்தவை.

தாட்சர் அரசு மன்றத்தையே கலைத்தது. 1986 மார்ச் 31 அதன் கடைசி நாள். உள்ளாட்சிகளின் வரி வசூலுக்கும் உச்சவரம்பு போட்டார்கள். லண்டன் முழுக்கச் சமூக அச்சகங்கள் ஒவ்வொன்றாக மூடின. மானியத்தை நம்பிப் பழகிய அமைப்பு, மானியம் போனதும் பழைய இலவச உழைப்புக்குத் திரும்ப முடியாது. ஆட்களுக்கு வயது ஏறியிருக்கும், குழந்தைகள் இருக்கும், காலி வீடுகளில் குடியேறும் காலமும் போய்விட்டது. இதோடு 1980களின் கடைசியில் மேசைக் கணினியும் நகல் இயந்திரமும் வந்து, 50 நோட்டீஸுக்காக மை கலக்கும் தேவையைக் குறைத்துவிட்டன. 1990-ல் சீ ரெட் மூடியது. மனைவியின் வருமானம் கணவனுடையதல்ல என்று பிரிட்டிஷ் வரித்துறை ஒப்புக்கொண்டதும் அதே ஆண்டுதான்.

பிறகு

2016-ல் பழைய உறுப்பினர்கள் சேர்ந்து தங்கள் சுவரொட்டிகளைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். வரலாற்றாசிரியர் ஷீலா ரோபாதம் முன்னுரை எழுதினார். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சீ ரெட் சுவரொட்டிகள் இருக்கின்றன. 2023 நவம்பரில் லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் தொடங்கிய, 1970–1990 காலப் பெண் கலைஞர்களின் பெரிய கண்காட்சியிலும் அவை இடம்பெற்றன. ஈரமாகக் கொடிக்கயிற்றில் தொங்கிய தாள்கள் இப்போது வெளிச்சமும் ஈரப்பதமும் அளந்து வைத்த அறைகளில் இருக்கின்றன.

அருங்காட்சியகக் குறிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் 'உருவாக்கியவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் கலைஞரின் பெயரைப் போட வேண்டும், பிறந்த ஆண்டைப் போட வேண்டும். இந்தத் தாள்களுக்கு அங்கே குழுவின் பெயர்தான் போட முடிகிறது. ஸ்க்வீஜியை இழுத்தவர் யார், ஈரத் தாளை ஓரத்தில் பிடித்து எடுத்தவர் யார் என்று எதிலும் இல்லை. ஆனால் கையால் அடித்த தாள் எதையும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். எங்காவது ஓர் ஓரத்தில் நிறம் மயிரிழை விலகியிருக்கும், சில சமயம் ஒரு பெருவிரல் பட்ட தடமும் இருக்கும்.